தூளிக் குழந்தையை யார் எடுத்தது?

விழுப்புரத்தில் எங்கள் எழுத்தாளர் கழகம் கூடிய மாடி அறைக்குக் கீழே, மல்லாட்டை எண்ணெய் ஆடும் மில் ஒன்று இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். ஆகவே எங்கள் இலக்கியத்துக்கு நிரந்தரமாக ஒரு மணம் உண்டு, புண்ணாக்கு மணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படியேறிப் போனால் முதல் ஐந்து நிமிஷம் மூச்சு முட்டும். ஆறாவது நிமிஷம் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் மனைவிதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இலக்கியம் பண்ணிக்கினு வந்தாச்சா? மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டி வெளிய போடுங்க" என்பாள்.

அப்போது நான் திண்டிவனத்தில் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். உத்தியோகம் எதுவும் கிடையாது. எழுதுகிறவன் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டால், ஒலக்கூர்ப் பக்கத்து ஆட்கள் பத்திரம் எழுதுகிறவன் என்று எடுத்துக்கொண்டு வரப்புத் தகராறைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். டூரிங் கொட்டகைக்கு நோட்டீஸ் எழுதினேன். கல்யாணங்களுக்கு வாழ்த்துப்பா எழுதினேன். செத்தவர்களுக்கு இரங்கற்பா எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பாட்டைத்தான் வைத்திருந்தேன் என்பது தொழில் ரகசியம். குலப்பெருமை, கொடைத்திறம், முகத்தின் ஒளி எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. கடைசி அடி மட்டும் மாறும். பிழைப்பு போக மிஞ்சிய நேரத்தில் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். பிரசுரமானால் மெல்லிய கவர் வரும். திரும்பி வந்தால் தடித்த கவர். எங்கள் தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "சார், உங்க கதை நல்ல கனமா வந்துகிது!" என்று ஊருக்கே அறிவிப்பார்.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. என்னைக் கண்ணால் பார்த்திராத ஒருவர், மாமன் மச்சான் அல்லாத ஒருவர், நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரே ஓர் ஆள் போதும். இது ஒன்றைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு லட்சியமே இல்லை என்று சொன்னால், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள் என்னைக் காறித் துப்பலாம். துப்பட்டும்.

கழகத்துக்கு என்னை அழைத்துப் போனவர் விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்த பார்சல் கிளார்க். ஒருநாள் பிளாட்பாரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "சார் கதை எழுதறவரா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"சட்டைப் பையில மசி ஒழுகிக்கினு இருக்குது. கணக்கு எழுதறவரா இருந்தா பேனாவ மூடி வெச்சிருப்பீங்க."

மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். பார்சல் லேபிள்களை ஒட்டி ஒட்டி விரல்நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருக்கும். அவரும் எழுதுகிறவர்தான். ஒரே ஒரு கதையை நாலைந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். அது எப்போதும் அவர் கோட்டுப் பைக்குள் மடித்தபடி இருக்கும்.

கழகத்தின் தலைவர் அந்த எண்ணெய் மில்லின் முதலாளி. அறையும் அவருடையது, பாயும் அவருடையது, வடையும் அவருடையது. ஆகவே வெண்பாவும் அவருடையதாக இருந்தது. வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டுதான் படிப்பார். எதுகை மோனை எல்லாம் முன்வரிசைக்காரன் சட்டையில் சிவப்புப் புள்ளியாக விழும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முன்வரிசை என்பது அங்கே விதி. நான் ஆறு மாதம் முன்வரிசையில் இருந்தேன். அந்த ஆறு மாதமும், "ஆகா, மழை மாதிரிப் பொழியறீங்க!" என்று பாராட்டியவனும் நான்தான்.

காரியதரிசியாக இருந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. கழகத்தின் மூளை அவர். கார்டு போடும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரும் அவரே.

ஏற்பாடு இதுதான். எங்களில் யாருடைய கதையாவது பத்திரிகையில் வந்தால், மற்ற எல்லாரும் ஆளுக்கு இரண்டு போஸ்ட் கார்டு ஆசிரியருக்கு எழுத வேண்டும். வாசகர்கள் மாதிரி, வேறு வேறு பெயரில், வேறு வேறு கையெழுத்தில், வேறு வேறு ஊரிலிருந்து. ஒன்பது பேர் இருந்தோம். கதை எழுதியவனைக் கழித்தாலும் பதினாறு கார்டு. தென்னார்க்காடு ஜில்லாவே ஒரு கதைக்காக அழுதுகொண்டிருக்கிறது என்று சென்னையில் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த கதையும் பிரசுரமாகும்.

திண்டிவனம், ஒலக்கூர், மயிலம் மூன்றும் என் எல்லை. அது யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. ஒலக்கூர்த் தபால் பெட்டியில் ஒரு பொய்யைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் முகம் அடுப்பங்கரைச் சுவராகிவிடும். ஆனால் வேலையில் நான் கெட்டிக்காரன். கண் ஆபரேஷன் செய்துகொண்டு, பேரனை விட்டுக் கதை படிக்கச் சொல்லிக் கேட்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரைச் சிருஷ்டித்தேன். ஆசிரியர் மனம் நெகிழ்ந்து, தாசில்தார் பூரண குணமடையப் பிரார்த்திப்பதாகப் பத்திரிகையிலேயே அச்சிட்டார். என் சிருஷ்டிகளில் சென்னைவரை பெயர் வாங்கியது அவர் ஒருவர்தான்.

கார்டு எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காரியதரிசி. "கதைக்கு நடுவுல இன்னா இருக்குதுன்னு எழுதாதீங்க சார். தப்பாப் பூட்டா மாட்டிக்குவோம். 'முடிவு உள்ளத்தை உருக்கியது'ன்னு எழுதுங்க. எந்தக் கதையா இருந்தாலும் முடிவுன்னு ஒண்ணு இருந்துதானே ஆவணும்?"

அதிலிருந்து முடிவுகளாகவே உருக்கினோம். கதையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கழகத்தில் சேர்ந்த பிறகு என் முதல் கதை வந்தபோது, மற்றவர்களுக்குச் சோம்பல் என்பதால் எட்டுக் கார்டுகளுக்கு நானே வாசகம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த இதழில் அவற்றில் ஒன்று அச்சில் வந்தது. படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு வரி படித்துவிட்டு, "இது உங்க நடையாச்சே" என்றாள். வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. கொப்பளித்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரயிலேறினேன்.

கழகத்தில் சேர்ந்ததும் என் ஆசைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். முன்பெல்லாம் ஒரு கார்டும் வராது. யாரும் படிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியும். இப்போது பத்திரிகை ஆபீசிலிருந்து கத்தையாக வந்தது. ஒவ்வொன்றும் யார் கை என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மூன்றாவது கதை வந்தது. மல்லாட்டை பிடுங்கும் கூலிக்காரப் பெண்ணின் கதை. சித்திரை வெயில். கைக்குழந்தையைக் கொல்லை ஓரத்துப் புளியமரத்தில் சேலையால் தூளி கட்டிப் போட்டுவிட்டு அவள் வேலைக்கு இறங்குகிறாள். கணக்கப்பிள்ளை ஒரு பழி சொல்கிறான். புருஷன் அதை நம்பிவிடுகிறான். அவள் ஓடிப்போய்க் கிணற்றில் விழுகிறாள். 'கிணற்று நீரில் வானம் உடைந்து சிதறியது' என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் அவளைத் தள்ளிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அனுப்புவதற்கு முன்னால் கழகத்தில் படித்தேன். எட்டுத் தலையும் ஆடின. தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னைத் தழுவிக்கொண்டார்.

கதை வந்து இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு மெல்லிய கவர் வந்தது. உள்ளே எனக்கு எழுதப்பட்ட ஒரு போஸ்ட் கார்டு. மூலையில் ஆசிரியர் சிவப்பு மசியில், 'பதில் எழுதவும்' என்று குறித்திருந்தார். கார்டில் பலகையில் எழுதுகிறாற்போல் உருண்டு நிமிர்ந்த எழுத்து. அந்த வரிகள் எனக்கு இன்னமும் மனப்பாடம்:

'ஐயா, தங்கள் கதையைப் படித்தோம். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண் குழந்தையைப் புளியமரத்துத் தூளியில் போடுகிறாள். பிறகு குழந்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவள் கிணற்றில் விழுந்துவிட்டாள். தூளிக் குழந்தையை யார் எடுத்தது? மரத்தில் எறும்பு இருக்கும். தயவுசெய்து தெரிவிக்கவும். இப்படிக்கு, மல்லாட்டைக் கிடங்கில் படிக்கிறவர்கள், அனந்தபுரம்.'

ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினேன். குழந்தை இல்லை. ஆறு பக்கக் கதையில் இரண்டாம் பக்கத்தோடு அது மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதினவன் மறந்துவிட்டான். கேட்ட எட்டுப் பேருக்கும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆனால் வெட்கம் என்பது என்னிடம் ரொம்ப நேரம் தங்குகிற சரக்கல்ல. ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டி மயிலத்தைத் தாண்டும்போது அது சந்தேகமாகிவிட்டது. விக்கிரவாண்டியில் கோபமாகிவிட்டது. விழுப்புரத்தில் நான் இறங்கியபோது, கழகத்துக்குள் ஒரு துரோகி இருக்கிறான் என்று எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது.

கார்டைக் காட்டியதும் தலைவர் எழுந்துவிட்டார்.

"யாருய்யா அவன்? என் வடையத் தின்னுட்டு நமக்கே குழி வெட்டறவன்?"

காரியதரிசி கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மல்லாட்டைக் கிடங்குல படிக்கிறாங்களாம்! யாரு படிக்கிறது? மூட்டைங்களா?"

எல்லாரும் சிரித்தோம். கீழே மில் ஓடுகிற சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி சிரித்தோம். ஒன்பது எழுத்தாளர்கள் இருந்த அந்த அறையில், இதை ஒரு வாசகர் எழுதியிருக்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக வாசகர்களை நாங்களே செய்துகொண்டிருந்ததில், நிஜமாகவே அப்படி ஒரு ஜாதி உண்டு என்பது எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

துரோகி இடது கையால் எழுதியிருக்கிறான் என்றார் காரியதரிசி. ஆகவே எல்லாரும் இடது கையால் 'தூளிக் குழந்தை' என்று எழுதிக்காட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒன்பது பெரிய மனிதர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பாயில் குப்புறக் கவிழ்ந்து எழுதினோம். தலைவருடைய எழுத்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டதுபோல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கார்டில் இருந்த எழுத்துக்கு எல்லாரையும்விடக் கிட்ட இருந்தது என்னுடையதுதான். சத்தமில்லாமல் அதைக் கசக்கி, வடைக்கு அடியில் இருந்த எண்ணெய்க் காகிதத்தோடு சேர்த்துவிட்டேன். எனக்கு அடுத்தபடி அழகாக எழுதியிருந்தவர் பார்சல் கிளார்க். இரண்டு கையாலும் லேபிள் எழுதிப் பழக்கப்பட்டவர்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நானே எழுந்து நின்று கேட்டேன், கோர்ட்டில் கேட்கிறாற்போல்.

"சமீபத்துல அனந்தபுரத்துக்குப் போய் வந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அவர். "மச்சான் பொண்ணுக்குக் காது குத்துனாங்க. உங்ககிட்டச் சொல்லிக்கினுதானே போனேன்?"

"கார்டு போட்டீங்களா, இல்லியா?"

"இல்ல சார். சத்தியமா நான் போடல."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். தலையைச் சொறிந்தார். பசை காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஆனா சார்... அந்தக் கொழந்த இன்னாதான் ஆச்சு?" என்றார்.

அறையே எழுந்து குதித்தது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று காரியதரிசி தொடையைத் தட்டினார். 'ஒப்புக்கொண்டார்' என்று நோட்டில் எழுதினார். அன்றைக்கே தீர்மானம் போட்டோம். பார்சல் கிளார்க் இனி கழகத்துக்கு வர வேண்டியதில்லை. அவர் எழுதியது எதில் வந்தாலும் யாரும் கார்டு போடக் கூடாது. முதல் கையெழுத்து என்னுடையது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் தலைவரைப் பார்த்து, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன். அதன் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. சொல்லவே கூசுகிறது, நன்றாக இருந்தது.

அனந்தபுரத்துக்குப் பதில் எழுதவில்லை. இல்லாத ஆளுக்கு யார் எழுதுவார்கள்?

நாலு மாதம் போயிருக்கும். பார்சல் கிளார்க்கின் அந்த ஒரே கதை, கோட்டுப் பைக்குள் நாலைந்து வருஷம் கிடந்த கதை, அதே பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை பாய்மேல் கிடந்தது. தலைவர் அதன் மேல் சுண்ணாம்பு டப்பியை வைத்துக்கொண்டார். தீர்மானப்படி ஒருவரும் கார்டு போடவில்லை, படிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிரதியை நான் புரட்டிக் கதையின் தலைப்பு வரைக்கும் போய்விட்டு மூடினேன். நன்றாக இருந்து தொலைத்துவிடுமோ என்று பயம்.

ஜங்ஷனில் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்சல் ஆபீஸ் வாசலில் தலையைக் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பார். நான் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், கூட்டத்துக்குள், ஒருமுறை ஒரு கல்யாண கோஷ்டிக்குள்கூடப் புகுந்து தப்பித்திருக்கிறேன். ஒருநாள் பிடித்துவிட்டார்.

"சார், என்னுது வந்துகிதே, பாத்தீங்களா?"

"ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன். ரயில் முக்கால் மணி நேரம் லேட் என்று அவர் தலைக்கு மேலே பலகையில் எழுதிப் போட்டிருந்தது. அவரும் அண்ணாந்து பார்த்தார்.

அடுத்த தையில் அனந்தபுரத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரி வீட்டுக் கல்யாணம். வாழ்த்துப்பா படிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்தேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க குந்த எடமில்லீங்க. பின்னால கெடங்கு கீது, காத்தோட்டமா இருக்கும், அங்கப் போய் இருங்க" என்றார். புலவனுக்குரிய இடம் எப்போதும் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான்.

கிடங்குக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் நொறுங்கும் சத்தம், அடைமழை மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் நிறுத்தி நிறுத்தி என்னவோ படித்துக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முப்பது வயதிருக்கும் ஒருத்தி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, மடியில் அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை. நான் எழுதும் அதே பத்திரிகை. அவளுக்கு முன்னால் இருந்த குவியலை இரண்டு பக்கத்துப் பெண்களும் இழுத்து இழுத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படிக்கிற நேரத்துக்கு அவள் பங்கை மற்றவர்கள் உடைத்துத் தருவது அங்கே வழக்கமாம்.

என்னைக் கண்டதும் எழுந்துகொள்ளப் போனாள். "வேணாம், படிங்க" என்றேன். "இங்க... தினமும் படிப்பீங்களா?"

"ஆமாங்க ஐயா. மிஷன் ஸ்கூல் டீச்சரம்மா படிச்சுட்டுக் குடுக்கறாங்க. நான் அங்க அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்."

"கதை எழுதறவங்களுக்குக் கார்டு கீர்டு போடறதுண்டா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு கிழவி கையிலிருந்த தோலை வீசி எறிந்தாள். "அத்த ஏன் சாமி கேக்கற! ஒரு கதையில ஒருத்தி புள்ளைய ஏணையில போட்டுட்டுப் போயிக் கெணத்துல உழுந்துட்டா. எழுதின ஆளு பேனாவ மூடிக்கினு சோறு துன்னப் பூட்டான். புள்ள மரத்துல தொங்குது!"

"ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல, போ" என்றாள் ஒருத்தி. "முசுடு எறும்பு மொச்சுக்கினு இருக்குமே."

"ஆம்பளதான? அவன் எந்தக் காலத்துல ஏணைய ஆட்டியிருக்கப் போறான்?"

"எல்லாரும் கேக்கச் சொல்லி ஒரே பேஜாருங்க" என்று சிரித்தாள் படித்தவள். "கார்டு போட்டேன். பதிலே வரல."

"அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றேன்.

"அய்யோ, பாவம்" என்றாள் அவள், நிஜமாகவே.

என் காதெல்லாம் எரிந்தது. "அப்புறம் குழந்தை?"

"நாங்களே பாத்துக்கினோம் சாமி" என்றாள் கிழவி. "சித்திரை மாசம்னு அவனே எழுதிகிறான். சித்திரையில அந்தக் கெணத்துல ஏது தண்ணி? மல்லாட்டைக்கு எறைச்சு எறைச்சு அடிச்சேறு தெரியும். சேத்துல உழுந்தா சாவாங்களா? இடுப்பு புடிச்சிக்கினு இருக்கும். அவளே ஏறி வந்து புள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு, அந்தக் கணக்கப்புள்ளைய நாலு கேள்வி கேட்டிருப்பா."

வட்டம் முழுக்கத் தலையாட்டிற்று. எத்தனையோ நாள் விவாதித்துத் தீர்த்த வழக்கு என்று தெரிந்தது. வானம் உடைந்து சிதறிய என் கிணற்றில் தண்ணீரே இல்லை.

"நீ இன்னா ஜோலியா வந்த சாமி?"

"வாழ்த்துப் படிக்க" என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கள் குடித்தவன்போல் கொஞ்ச நேரம் மிதந்தேன். இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், கேட்டால் துள்ளிக் குதிக்கிறவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. போதை அதோடு இறங்கிவிட்டது. கிடங்கில் பச்சை மல்லாட்டை மணம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் என் சட்டையிலிருந்து புண்ணாக்கு நாறியது.

மறுநாள் காலையில் அந்த நினைப்பிலேயே வாழ்த்துப்பா படித்தேன். கடைசி அடி மாறிவிட்டது. 'விண்ணகம் ஏகி இன்பம் எய்துக' என்று மணமக்களை வாழ்த்தி உட்கார்ந்தேன். சபை முழுக்கக் கை தட்டிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து வந்து எனக்குச் சந்தனம் பூசினார். ஒரு பிராணிகூடக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நிற்காமல் விழுப்புரத்துக்குப் பஸ் பிடித்தேன். பார்சல் ஆபீசில் அவர் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்று லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து தரையெல்லாம் வழுக்கியது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"கார்டு போட்டது நீங்க இல்ல" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"நான் போடலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், அதை விட்டுவிட்டுக் கிடங்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பசைத் தூரிகையைப் பிடித்தபடியே கேட்டார். பங்கு மல்லாட்டையை உடைத்துத் தருகிறார்கள் என்றதும், "அப்படியா! அப்படியா!" என்றார். கிணற்றில் சேறு என்றதும் கூடைமேல் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரியான கேள்வி சார்! ஏறி வந்துட்டாளா? பரவால்ல, கொழந்த பொழச்சிக்கிச்சு!" அந்தச் சிரிப்பில் என்மேல் துளி வருத்தம் இல்லை. அது எனக்குக் கருவாட்டைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

சிரிப்பு நின்றது. தூரிகையைப் பசைக் கிண்ணத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"சார்... என்னுதப் பத்தி எதனா சொன்னாங்களா? அந்த மாசத்துப் புஸ்தகமும் அங்க வந்திருக்குமில்ல?"

நான் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்தும், கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. என் குழந்தை, என் கிணறு, என் பன்னிரண்டு வாசகர்கள்.

"சொன்னாங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துதாம்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நாலைந்து வருஷம் எழுதி, ஒரு கார்டுகூட வராமல் போன மனிதர். ஓரடி கிட்டே வந்தார்.

"எந்த எடம் சார்?"

தலைப்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கழகத்தில் கற்றுக்கொண்டது தானாக வாயில் வந்தது.

"முடிவு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அதே வார்த்தையை எங்களோடு உட்கார்ந்து எத்தனையோ கார்டில் எழுதியவர் அவர். பிறகு தூரிகையைத் தோய்த்து, லேபிளில் தடவி, கூடைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார்.

"முடிவா?" என்றார். "சரிங்க சார். வண்டி வர்ற நேரம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கருவாட்டுத் தண்ணி சட்டையில பட்டுடும்."

தள்ளி நின்றேன்.